குலசேகரப்பட்டினம் ஏவுதளம்: ராக்கெட்டுக்குக் கீழே கஞ்சத்தனம் வேண்டாம்!

தீபாவளிக்குக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, அடியில் வெடி வைக்கும் எருமப்பட்டி பையன்களுக்கு இந்த இயற்பியல் அத்துப்படி. வெட்டவெளியில் வெடித்தால் வெறும் சத்தம்தான். மூடிய இடத்தில் வெடித்தால் கொட்டாங்குச்சியே பறக்கும். ராக்கெட் ஏவுதளத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

என்ன பிரச்சினை?

ராக்கெட் கக்கும் நெருப்பு, ஏவுதளத்துக்கு அடியில் உள்ள கால்வாய் வழியாக வெளியேறும். என்ஜின் பற்றியதும், அந்தக் கால்வாய்க்குள் இருக்கும் காற்றைச் சூடான வாயு பிஸ்டன் மாதிரி இடித்துத் தள்ளும். அப்போது பிறக்கும் அழுத்த அலை மேலே திரும்பி ராக்கெட்டையே அறையும். திட எரிபொருள் என்றால் அடி இன்னும் பலம். ஏன்னா, அது ஒரு நொடிக்குள் முழு வீச்சில் எரியத் தொடங்கிவிடும்.

நாசா பட்ட அடி

1981 ஏப்ரல் 12-ல் கொலம்பியா விண்வெளி ஓடம் முதன்முறையாகக் கிளம்பியபோது, இந்த அலை கணித்ததைவிடப் பல மடங்கு பலமாக வந்தது. ஓடத்தின் உள்ளே ஒரு தொட்டியைத் தாங்கும் கம்பிகூட வளைந்தது. உள்ளே 2 வீரர்கள் இருந்தார்கள்! நாசா கண்ட தீர்வு, தண்ணீர். நெருப்பு இறங்கும் துளைகளின் குறுக்கே தண்ணீர்ப் பைகளைக் கட்டினார்கள். வாயுவுக்குள்ளும் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அதே நவம்பரில் நடந்த இரண்டாவது பயணத்தில் அலை வெகுவாக அடங்கியது.

சரி, கால்வாயே இல்லாவிட்டால்? 2023 ஏப்ரல் 20-ல் ஸ்பேஸ்எக்ஸ் அதையும் செய்து பார்த்தது. ஸ்டார்ஷிப் கிளம்பியதும் கான்கிரீட் தளம் பெயர்ந்து சிதறியது. பிறகு தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தகடு பதித்தார்கள்.

நமக்கு என்ன?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து கிளம்பப்போகும் எஸ்எஸ்எல்வி-யின் முதல் 3 அடுக்குகளும் திட எரிபொருள்தான். தனியார் ராக்கெட்டுகளும் வரிசையில் நிற்கும்.

‘சின்ன ராக்கெட்தானே, எதுக்கு இவ்வளவு செலவு?’ என்று கேட்கலாம். ஆனால், ஒரு ராக்கெட் தளத்தைச் சேதப்படுத்தினால், பின்னால் காத்திருக்கும் எல்லோருக்கும் வேலை நின்றுபோகும். ஒவ்வொரு ஸ்டார்ட்அப்பும் தனித்தனியாகக் கால்வாயும் தண்ணீர் அமைப்பும் கட்ட முடியாது. செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் அதில்தான் கை வைப்பார்கள்.

ஆகவே, இவற்றைச் சாலை, மின்சாரம் போலப் பொது வசதியாக அரசே கட்டித்தர வேண்டும். கால்வாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் முதல் ஏவுதலிலிருந்தே இருக்க வேண்டும். அந்தத் தரவு தனியார் நிறுவனங்களுக்கும் கிடைக்க வேண்டும். கொலம்பியாவைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். குலசையில் அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது.