செடிக்கு நாமினி போட்டாச்சா?

"வாடகை வீட்டுல மரம் எதுக்கு சார்? நாம வெச்சு வீட்டுக்காரன் சாப்பிடவா?"

போன வாரம் இங்கே வதோதராவுல நம்மூர்க்காரர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. மழை ஆரம்பிச்சாச்சேன்னு முருங்கைப் போத்து ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். எலுமிச்சை ஜூஸ் குடுத்து உபசரிச்சார், போத்தை மட்டும் வாங்கிக்கலை. மூணு வருஷத்துல வேற ஊர் போயிடுவாராம்.

அவரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஊரை விட்டு வந்த நம்ம குடும்பங்கள்ல பாதிப்பேர் இதைத்தான் சொல்றோம். அப்புறம் ஆன்லைன்ல நூறு ரூபாய்க்கு மேல குடுத்து கறிவேப்பிலைக் கன்னு வரவழைப்போம். அது பொட்டிக்குள்ளேயே பாதி இலையை உதிர்த்துட்டு வந்து சேரும்.

இன்னொரு ரகம் உண்டு. செடி வெச்சிருப்பாங்க, யாருக்கும் தரமாட்டாங்க. "வேர்ல கை வெச்சா மரம் பட்டுப் போயிடும்", "குடுத்தா ஆகி வராது"ன்னு ஆயிரம் சாக்கு. இந்த ரகத்தைப் பத்தி எனக்கு நல்லாவே தெரியும். நானே அதுல ஒரு ஆளா இருந்தவன்.

2011-ல சூரத்துல இருந்தோம். அம்மா ஊர்லேர்ந்து வரும்போது கொல்லை மரத்தோட பக்கக்கன்னு ஒண்ணை ஈரச்சாக்குல சுத்தி ரயில்ல கொண்டு வந்தாங்க. டெனமென்ட் வாசல்ல வெச்சோம். ரெண்டு வருஷத்துல ஆள் உயரம், சுத்திலும் ஏழெட்டுக் கன்னு. பக்கத்து வீட்டு பென் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. குஜராத்திகளுக்கும் அது இல்லாம கடி கிடையாது. மீட்டோ லிம்டோன்னு பேரு. "அப்புறம் பார்க்கலாம் பென்"னு நழுவிட்டேன். தங்கமணி அன்னிக்கே முறைச்சாங்க.

2014-ல ட்ரான்ஸ்ஃபர். மரத்தை லாரில ஏத்த முடியுமா? அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நிறுத்த டைல்ஸ் போட்டிருந்தார். ஊர்ல வீடும் கொல்லையும் வித்தாச்சு. அம்மாவும் இப்ப இல்லை. அன்னிக்கு ஒரு கன்னு குடுத்திருந்தா, இன்னிக்கு ரெண்டு மணி நேரம் ரயில்ல போய் "பென், அதுல ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்திருப்பேன்.

நான் வங்கிக்காரன். கவுன்ட்டருக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் "நாமினி போட்டாச்சா?"ன்னு கேக்கறதே என் பிழைப்பு. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிடும், 2014-லேர்ந்து அதான் நடைமுறை. அப்பவும் வாரிசு காகிதத்தோட வந்து கேட்டா பணம் கிடைக்கும். வெட்டிப் போட்ட மரத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனாலதான் சொல்றேன், செடிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் நாமினி. ஒருத்தர் போதாது, நாலு பேரைப் போடுங்க.

குடுத்தா நமக்குக் குறைஞ்சு போகுமா? முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்னு பாட்டி சொன்னதை மறந்துட்டோமா? ஒடிச்சாத்தான் பக்கக்கிளை விட்டுக் காய்க்கும். ஒடிச்சதைக் குப்பை வண்டில போடாம, மணிக்கட்டு கனத்துல மூணு நாலு அடித் துண்டா வெட்டி, ரெண்டு மூணு நாள் நிழல்ல வெட்டுவாய் காயவிட்டுக் குடுங்க. மாதுளையும் சீமை அத்தியும் டிசம்பர், ஜனவரியில கவாத்து பண்ணும்போது பென்சில் கனத்துல ஒரு சாண் குச்சி போதும். கறிவேப்பிலைப் பக்கக்கன்னை அதோட சொந்த வேரோட பக்குவமா பேத்தா தாய்மரம் பட்டுப்போகாது. அதோட விதை இன்னும் மோசம், இல்ல, இன்னும் நல்லது! பழுத்ததும் சதையை நீக்கி உடனே போட்டாத்தான் முளைக்கும். பத்திரப்படுத்தி வெச்சா வீணாயிடும். பூட்டி வைக்கிற புத்தி அந்த விதைகிட்ட பலிக்காது.

"பூச்சி பரவுமே?"ன்னு கேட்டா அது நியாயமான கேள்வி. 2008-ல கோயம்புத்தூர்ல தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணையும் விடலை. 2010-ல வெளிநாட்டுலேர்ந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்டுத்தான் அடக்கினாங்க. எலுமிச்சைக்கு வியாதி பரப்புற ஒரு பூச்சி கறிவேப்பிலையிலயும் குடியிருக்கும். அதனால இலையோட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக் குடுங்க. வாங்கறவங்க ரெண்டு வாரம் தனியா ஒரு மூலையில வெச்சுப் பாருங்க. நர்சரிலேர்ந்து வர்ற செடிக்கும் இதே கவனம் வேணும். சில்லறையில கள்ளநோட்டு வரும்னு யாராவது கொடுக்கல் வாங்கலையே நிறுத்தறோமா?

வதோதரா வந்த ரெண்டாவது நாளே எதிர்வீட்டு பென், "பாய், இதை மூலையில நட்டு வைங்க"ன்னு சரக்வோ போத்து ஒண்ணும், பத்ரா பண்ற சேம்புல ரெண்டு கிழங்கும் குடுத்தாங்க. சரக்வோன்னா நம்ம முருங்கைதான். எங்க பாஷை கூட அவங்களுக்குத் தெரியாது. நான் பதிலுக்கு பிரண்டையும் ஓமவல்லியும் குடுத்தேன். போன மே மாச வெயில்ல என் ஓமவல்லி கருகிப் போச்சு. மழை வந்ததும் அவங்க தொட்டிலேர்ந்தே நாலு கிள்ளு திரும்பி வந்தது. வட்டியோட :-)

அடுத்த வருஷம் எனக்கும் ஆர்டர் வந்துடும். இந்த வீட்டு முருங்கையோட போத்து இப்ப எட்டு வீட்டுல நிக்குது. டைல்ஸ் போடறவர் போட்டுக்கட்டும்.

கடைசியா அந்த நம்மூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. சார், நீங்க எனக்குக் குடுத்த ஜூஸ் உங்க வாசல் எலுமிச்சையில பிழிஞ்சது. அந்த மரத்தை வெச்சது நீங்களும் இல்லை, உங்க வீட்டுக்காரரும் இல்லை. உங்களுக்கு முன்னாடி அங்க இருந்த வாடகைக்காரர். அவரும் மூணு வருஷத்துல மாத்தலாகிப் போனவர்தான்.

போத்து இன்னும் என் வீட்டு நிழல்லதான் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து எடுத்துக்குங்க.