மே மாதத்துத் தண்ணீர்

ஜிம்மில் இரும்பைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே திரும்ப வைப்பதில் செலவாகும் தெம்பு வீண்தானே என்று லண்டனில் ஐவோ கோர்ம்லி என்ற இளைஞருக்குத் தோன்றியது. அந்த யோசனையிலிருந்து 2009 வாக்கில் உருவான அமைப்பு ‘குட்ஜிம்’. அதன் உறுப்பினர்கள் கூட்டமாக ஓடி ஓரிடத்துக்குப் போவார்கள். அங்கே உடம்பு வளைத்துச் செய்யவேண்டிய ஒரு வேலையை முடித்துவிட்டு, ஓடியே வீடு திரும்புவார்கள். தனியாக இருக்கும் முதியவரைப் பார்த்துவிட்டு வருவார்கள். பள்ளித் தோட்டத்தில் களை எடுப்பார்கள், மண் சுமப்பார்கள். இன்று பிரிட்டனின் பல ஊர்களில் இப்படி ஓடுகிறார்கள்.

ராணிப்பேட்டையில் இதைச் செய்தால் என்ன?

ஓடுவதற்கு ஆள் பஞ்சமில்லை. ‘சென்னை ரன்னர்ஸ்’ 2006-இல் தொடங்கியபோது ஓட்டம் பெருநகரத்துப் பொழுதுபோக்காக இருந்தது. இன்று சிறு நகரங்களிலும் விடியற்காலையில் டி-ஷர்ட்டும் ஷூவுமாக ஆட்களைப் பார்க்க முடிகிறது. சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியனே மாரத்தான் ஓட்டக்காரர். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது அவர் காலத்தில்தான்.

பஞ்சம் தோட்டத்துக்குத்தான். அரசுப் பள்ளிகளில் செடி நடுவதற்கு நாள் கிழமை குறைவில்லை. சுற்றுச்சூழல் தினம், சுதந்திர தினம், யாராவது பெரிய மனிதரின் பிறந்த நாள் என்று குழி தோண்டிக்கொண்டே இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை முடியும்போது பாத்திகள் பச்சைப் பசேலென்று நிற்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் சத்துணவுக் கூடத்துக்குப் போகும். ஏப்ரலில் தேர்வு முடிந்து பள்ளிக்குப் பூட்டுப் போட்டதும் கதை மாறிவிடும். பள்ளித் தோட்டத்துக்கு எமன் மே மாதம். வேலூர், ராணிப்பேட்டை வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டுக்குச் சொல்லவேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திரத்தில், வேர் பிடிக்காத கன்று ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் தாங்காது. ஜூனில் பிள்ளைகள் திரும்பி வரும்போது குச்சிகள் நிற்கும். மறுபடியும் குழி, மறுபடியும் கன்று, மறுபடியும் புகைப்படம்.

ஓடுகிறவர்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது. மே மாதத்தில் அவர்கள் இன்னும் சீக்கிரமாக, ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். செடிக்குத் தண்ணீர் விட உகந்த நேரமும் அதுதான். பத்துப் பேர் முறைவைத்துக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் தண்ணீர் விட்டு, காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டாலே பெரும்பாலான கன்றுகள் ஜூனைப் பார்த்துவிடும். நூறு கன்று நடுவதைவிட, இருக்கும் இருபதைக் காப்பாற்றுவது மேல் என்பது நம் கட்சி.

இந்த ஊருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. மண்வெட்டி எடுக்கும் முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் உப்பும் ரசாயனமும் நிலத்தடியில் இறங்கின. பாலாற்றுப் படுகையின் சீரழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இலேயே கடுமையாகத் தீர்ப்பெழுதியது. மூடப்பட்ட குரோமேட்ஸ் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு இலட்சக்கணக்கான டன். உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று ‘பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட்’ 2006-இல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

சோளிங்கர், நெமிலிப் பக்கத்துக் கிராமப் பள்ளிகள் இதற்காகப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. சிப்காட்டை ஒட்டியும் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலும் உள்ள பள்ளிகள் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமான மண் பரிசோதனை உவர்த்தன்மையையும் சத்துகளையும் காட்டும். குரோமியத்தைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம். முடிவு வரும்வரை பிள்ளைகள் தட்டில் விழுகிற கீரையும் கிழங்கும் வேண்டாம். புங்கனும் வேம்பும் பூச்செடியும் போதும். காய்கறிதான் வேண்டுமென்றால் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து தொட்டியிலோ பையிலோ போட்டுக்கொள்ளலாம். ஒரு மூட்டை மண்ணைத் தோளில் சுமப்பதும் உடற்பயிற்சிதானே!

இன்னும் சில சங்கதிகள். இப்போதும் பல பள்ளிகளில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது சத்துணவு அம்மாவோ தூய்மைப் பணியாளரோதான். அது அவர்கள் சம்பளத்தில் சேராத வேலை. ஓட்டக் குழு வந்து தோட்டத்தைப் பெரிதாக்கிவிட்டு, மறுவாரம் அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசி, அனுமதி வாங்கி, பெற்றோர் ஒருவராவது கூட இருக்க வேலை செய்வதுதான் முறை. வெளியாட்கள் பள்ளிக்குள் வருவதில் தலைமை ஆசிரியருக்குத் தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கம் நியாயமானது. கடப்பாரை, மண்வெட்டி, பூவாளி எல்லாம் குழுவினுடையதாக இருக்கட்டும். பேனர் தேவையில்லை.

ஓட்டக் குழு நடத்தும் அன்பர்களே, மார்ச் மாதத்துக்குள் உங்கள் பாதையில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். எத்தனை கன்று நடலாம் என்று கேட்க வேண்டாம். மே மாதத்தில் பள்ளி கேட்டின் சாவி யாரிடம் இருக்கும், மோட்டாரை யார் போடுவார்கள் என்று கேளுங்கள்.