மலைப்பாதைப் பிக்கப்புகளின் பனிவிளக்குக்கு ஒரு தரம் வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

நீலகிரியின் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மூட்டைகளோடு குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப்புகள் பலவற்றில், பட்டறையில் மாட்டிய பனிவிளக்குகளைக் காணலாம். இவற்றை ஒட்டுமொத்தமாகக் குற்றம் என்று தள்ளாமல், எது சரியான விளக்கு என்பதை வரையறுத்து, தகுதிச் சான்று (எஃப்.சி.) சோதனையில் பார்த்து அனுமதிக்க வழி செய்ய வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

மூடுபனியில் ஹெட்லைட்டைப் பிரைட்டில் போட்டால், மிதக்கும் நீர்த்துளிகள் அந்த ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. பாதை இன்னும் மறைகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிகூட ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பாரத்தோடு இறங்கும் வண்டிக்குச் சாலையின் ஓரம் தெரிவது உயிர்ப் பிரச்சினை. நல்ல பனிவிளக்கு பம்பர் மட்டத்தில் தாழ்வாக இருக்கும்; ஒளி அகலமாக விரியும்; அதன் மேல்விளிம்பு வெட்டினாற்போல் நின்றுவிடும். பார்வைக்குக் கீழேயே ஒளி செல்வதால் கண்ணுக்குத் திரும்புவது குறைகிறது. மஞ்சள் ஒளிதான் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோலவே சிதறடிக்கின்றன. ஆகவே நிறத்தையும் வாட்டையும்விட, விளக்கின் உயரமும் ஒளியின் வடிவமுமே முக்கியம்.

பட்டறை விளக்குகள் பல தவறுவதும் இங்கேதான். கேபின் கூரையில் ஏற்றிய எல்இடி பார், பனியையும் வெளுக்கச் செய்து எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்கிறது. வயரிங்கிலும் ஆபத்து உண்டு. 55 வாட் பல்புகள் இரண்டு, 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹெட்லைட் வயரிலேயே ஒட்டுப்போட்டு எடுத்தால் வயரும் சுவிட்சும் சூடேறி உருகலாம், தீப்பிடிக்கவும் கூடும். பேட்டரியிலிருந்து தனி வயர், ஃபியூஸ், ரிலே ஆகியவை இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் நீங்கும். இவையெல்லாம் கண்ணால் பார்த்துச் சரிசெய்யக்கூடிய குறைகள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தம் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. தொழிற்சாலையிலேயே பனிவிளக்கோடு வரும் வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தாழ்வாக, ஃபியூஸோடு முறையாக மாட்டியவரும், கண்ணைப் பறிக்கும் பாரைக் கூரையில் ஏற்றியவரும் ஒரே அபராதத்துக்கு ஆளாகும்போது, முறையாகச் செய்ய யாருக்கும் காரணமில்லாமல் போகிறது.

மத்தியச் சட்டத்தில் மாநிலம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பின்னர் பொருத்தும் பாகங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் முறையையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று அதே 52ஆம் பிரிவு சொல்கிறது. மலை மாவட்டங்களின் தேவையை எடுத்துக்காட்டி ஒரு வரைவை அனுப்பத் தங்கள் துறையால் முடியும். ஆய்வாளர்களுக்குச் சுமை கூடும் என்பது அடுத்த தடை. சரக்கு வாகனங்கள் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு எப்படியும் வருகின்றன. சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச்சுவரில் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழுகிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். விளக்கு இருக்கும் தைரியத்தில் வேகம் கூடும் என்ற அச்சம் நியாயமானது. பனிவிளக்கு காட்டுவது அருகிலிருக்கும் சாலையை மட்டுமே. வேகத்தைக் குறைப்பதே முதல் பாதுகாப்பு என்பதை அனுமதியோடு சேர்த்தே ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டும். பனி விலகும்வரை நின்றுவிடலாமே என்பார்கள். பறித்த காய் காத்திருக்காது. மண்டி நேரம் தவறினால் நட்டம் விவசாயிக்கு.

கூரை விளக்குகளைக் கண்டிப்போடு அகற்றுங்கள். அதோடு, சரியான விளக்கின் உயரம், ஒளி, வயரிங் பற்றிய விளக்கப் படத்தை மேட்டுப்பாளையம், ஊட்டி ஆட்டோ எலக்ட்ரீஷியன்களிடம் தமிழில் கொண்டுசேருங்கள். பாதுகாப்பாகச் செய்ய நினைப்பவருக்குச் சட்டத்துக்குள் ஒரு வழி கிடைத்தால், எதிரே வருபவரின் உயிரும் சேர்ந்தே காக்கப்படும்.

இப்படிக்கு,
மலைப்பாதைப் பாதுகாப்பில் அக்கறையுள்ள ஒரு குடிமகன்