பேரனின் ஹெரால்டும் என் பழைய குறிப்பும்

போன முறை முழங்கால் வலியைப் பற்றி எழுதினேன். இந்த முறை காரைப் பற்றி. சிரிக்காதீர்கள், எழுபத்து நான்கு வயதில் எனக்கு இந்த ஆசை தானாக வரவில்லை. பேரன் கொண்டுவந்தது.

அவன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். கச்சிராயபாளையம் சாலையில் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தான். அடித்தகடெல்லாம் துரு. ஒரு கதவைக் காணோம்.

"தாத்தா, இதப் பிரிச்சு ரெண்டு பேர் உக்கார்ற திறந்த வண்டியா நானே கட்டப் போறேன். அமெரிக்காவுல ஹாட் ராட்னு சொல்வாங்க. அந்தக் காலத்துல எப்படிக் கட்டினாங்கன்னு நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றான்.

"சித்திரை வெயில்ல கூரை இல்லாத காரா? ரெண்டு பேரும் வடாம் மாதிரி காயுங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போனாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சேஸிஸ், கராஜ் என்று நம் பட்டறைகளில் புழங்குவதெல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள்தாம். கையில் கிடைத்ததை வைத்து வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்வதற்கு அந்த மொழியில் 'பிரிகொலாழ்' என்பார்கள். சொல்பவரைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், கேலியாகவும் இருக்கும். படிக்கப் படிக்க, ஹாட் ராட் என்பதும் அதுதான் என்று புரிந்தது.

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை மாடல் டி காரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி செய்து விற்றது. பழையவை சல்லிசாகக் கிடைத்தன. 1932-ல் அதே நிறுவனம் எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினை, 65 குதிரைத்திறனோடு, சாதாரண மக்கள் வாங்கும் காரிலேயே வைத்தது. கலிபோர்னியா இளைஞர்கள் இந்தப் பழைய ரோட்ஸ்டர்களை வாங்கி மட்கார்டு, பம்பர், கூரை என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். எடை குறைந்தால் அதே எஞ்சின் வேகமாக இழுக்கும் என்பதுதான் கணக்கு. மியூரோக் போன்ற வறண்ட ஏரிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வாலிபர்களால் இந்தப் பழக்கம் இன்னும் பரவி, 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது.

தெருவிலும் பந்தயம் விட்டார்கள். விபத்து நடந்தது, ஊரார் வெறுத்தார்கள். அப்போது அந்த இளைஞர்களே சங்கம் அமைத்தார்கள். 1937-ல் தென் கலிபோர்னியாவில் ஒன்று, 1951-ல் நாடு தழுவியதாக ஒன்று. ஓட்ட ஓர் இடம், ஓட்டுமுன் வண்டிக்குச் சோதனை என்று ஏற்பாடு செய்தார்கள். இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் இதே கதை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. ஃபியட், ஹெரால்டு எஞ்சின்களை வைத்துத் தாங்களே கட்டிய வண்டிகளை அங்கே ஓட்டினார்கள். கோவை கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தார். நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் ஓட்டிப் பழகித்தான் பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போனார். அதற்கும் முன்பே, 1952-ல், ஜி.டி. நாயுடு இரண்டு பேர் அமரும் பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். உற்பத்திக்கு உரிமம்தான் கிடைக்கவில்லை.

பேரனின் தேர்விலும் குற்றமில்லை. சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடியைத் தூக்கிவிடலாம். இங்கிலாந்தில் ட்ரையம்ப் நிறுவனமே இந்தச் சேஸிஸைக் குறுக்கி, மாற்றியமைத்துத்தான் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் திறந்த காரைச் செய்தது.

தடை பட்டறையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. 2021-ல் வந்த விதி, 50 வயது கடந்த கார்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறது. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும். புதிதாகச் செய்தால் புனே ஆராய் போன்ற நிலையங்களில் சான்று வாங்க வேண்டும். அது ஆயிரக்கணக்கில் வண்டி விற்பவர்களை மனதில் வைத்த ஏற்பாடு. ஒரே ஒரு வண்டி கட்டுபவன் எங்கே போவான்?

இந்தக் கேள்வியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். எண்பதுகளில் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் தாமே கட்டிய வண்டியோடு வந்தார். பழைய ஜீப் சேஸிஸ், கிணற்று மோட்டாரின் டீசல் எஞ்சின். மரவள்ளிக் கிழங்கைக் கீழே இறக்குவதற்காகச் செய்தது. பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். 'விதியில் இடமில்லை, நிராகரிக்கலாம்' என்று குறிப்பு எழுதினேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

"எங்க கொண்டுபோனா இதப் பாப்பாங்க, ஐயா?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பிரேக்கோடு மலைப்பாதைக்கு அனுமதி தந்திருக்கக் கூடாது; அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வண்டி பதிவில்லாமலேயே மலையில் ஓடியது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதே பிரேக்கோடு. என் குறிப்பால் கோப்பு முடிந்தது, பிரேக் சரியாகவில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். 'கூடாது' என்று சொல்லும் விதி, 'எங்கே, எப்படி வந்தால் பார்ப்போம்' என்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியையும் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, பெல்ட் என்று தனியாகச் சோதித்துச் சான்று தருகிறார்கள். நம் மாவட்டத் தலைநகரில் வேண்டாம், மாநிலத்துக்கு ஒரு இடம் போதும். ஓட்டிப் பார்க்க ஒரு களமும் வேண்டும். சோழவரத்தைப் போலப் போர்க்கால ஓடுதளம் நம் உளுந்தூர்பேட்டையிலும் உண்டு. அங்கே விமானமே வருவதானால் சந்தோஷம். வேறு ஒரு பொட்டல் காடு கிடைக்காமலா போகும்?

இது விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சலுகை என்று சிலர் நினைக்கலாம். சோதனைக்கு வர வழி இல்லாதவன் சோதனை இல்லாமலே ஓட்டுவான். ஆபத்து அதில்தான்.

பேரனிடம் மூன்று நிபந்தனை போட்டிருக்கிறேன். முதலில் பிரேக், அப்புறம்தான் எஞ்சின். வெல்டிங்கை அனுபவசாலி ஒருவர் பார்க்க வேண்டும். சாலையில் ஏற்றவே கூடாது. நண்பர் ஒருவர் கரும்பு வெட்டிய நிலத்தில் ஓட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அரசுக்கு மனு எழுதுவது என் பங்கு. முப்பது வருடம் மற்றவர் மனுக்களுக்குக் குறிப்பு எழுதியவன், இப்போதுதான் சொந்தமாக ஒன்று எழுதுகிறேன்.

உங்களில் யார் வீட்டிலாவது பழைய ஹெரால்டு கதவு கிடந்தால் சொல்லுங்கள். இடது பக்கம்.