கையுறையின் மேல் பழி

1988 நவம்பர் மாதம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹெர்மன் என்ற ஊர். மான் வேட்டைக் காலம். ஒரு வயது இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். மானின் வெள்ளை வால் என்று நினைத்து ஒரு வேட்டைக்காரர் சுட்டார். அந்தப் பெண் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. வேட்டைக் காலத்தில் வெள்ளைக் கையுறையோடு ஏன் வெளியே வந்தார், ஆரஞ்சு நிற உடை ஏன் போடவில்லை என்று ஊரில் பலர் செத்தவரையே குறை சொன்னார்கள். வெளி மாநிலத்துக்காரர், இந்த ஊர் வழக்கம் தெரியாதவராம்! ஆரஞ்சு உடை போட வேண்டியது துப்பாக்கி எடுத்துக்கொண்டு போகிறவர்கள். தன் வீட்டுக் கொல்லையில் நிற்பவர் எதற்குப் போட வேண்டும்? சுட்டவர் மீது வழக்கு நடந்தது. 1990-ல் விடுதலை ஆனார்.

அவர் வேண்டுமென்றே சுடவில்லை, சரி. விடியற்காலையிலிருந்து மானுக்காகக் காத்திருக்கும் கண்ணுக்கு, அசைவதெல்லாம் மானாகத்தான் தெரியும். ஆனால் கண் இப்படி ஏமாற்றும் என்பதால்தானே சுடுவதற்கு முன் நிதானம் வேண்டும் என்கிறோம்? "மான் என்று நினைத்தேன்" என்பது எப்படி சமாதானமாகும்? 1991-ல் மெய்ன் மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியது. விலங்கின் தலையும் உடலும் மறைவில்லாமல் தெரிய வேண்டும். சத்தத்தை மட்டும் கேட்டோ, வாலோ காலோ தெரிந்தது என்றோ சுடக்கூடாது.

நம் ஊரில் தசரதன் கதை எல்லோருக்கும் தெரியும். குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று நினைத்து அம்பு விட்டவன். அவன்கூட "இருட்டில் ஏன் தண்ணீர் மொள்ள வந்தாய்?" என்று அந்தப் பையனைக் கேட்கவில்லை. கண் தெரியாத பெற்றோரிடம் தானே போய் நின்றான்.

2006 பிப்ரவரியில் டெக்சாஸில் காடை வேட்டைக்குப் போன அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, பறவையைக் குறிவைத்துக் கூட வந்த 78 வயது வக்கீலைச் சுட்டுவிட்டார். பறவை சரியாகத்தான் தெரிந்தது, அதற்குப் பின்னால் இருந்த ஆளைத்தான் பார்க்கவில்லை. உடனே என்ன சொன்னார்கள்? வக்கீல் தான் வருவதைக் குரல் கொடுத்துச் சொல்லவில்லையாம்! நாலு நாள் கழித்துத்தான் செனி, சுட்டது நான், வேறு யார் மேலும் பழி போட முடியாது என்று தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். முகத்திலும் மார்பிலும் ரவை பாய்ந்த வக்கீலோ, ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும், செனிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஏற்பட்ட சிரமத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.