ரெண்டாவது சிலிண்டர் எது, மாப்ள?

போன மாசம் பழனிக்கு சவாரி போன மாமாவோட கார், ஒட்டன்சத்திரம் தாண்டினதும் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிச்சது. எப்படியோ ஆட்களை இறக்கிவிட்டு, உருட்டிக்கிட்டே திண்டுக்கல் வந்து சேர்ந்தார். செக் லைட் எரியுது, இழுவை இல்ல, ஐடிலிங்ல வண்டி நடுங்குது. "மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே? பாரேன்" என்றார்.

ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கின ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டினேன். பி0302 என்று வந்தது. பி0300 என்றால் எந்த சிலிண்டர்னு குறிப்பா சொல்ல முடியாத மிஸ்ஃபயர். கடைசி எண் 1, 2, 3, 4 என்று வந்தால் அதுதான் சிலிண்டர் எண். ரெண்டாவது சிலிண்டர், காயில் போச்சு என்று தீர்ப்பே சொல்லிட்டேன். மாமா இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு புது காயில் வாங்கி வந்தார். பேட்டரி பக்கம் இருந்து ஒண்ணு, ரெண்டு எண்ணி மாட்டினேன். அதே நடுக்கம், அதே கோடு.

மறுநாள் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பட்டறை. மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எந்தப் பக்கம் இருந்து எண்ணின?"

குறுக்கே வெச்ச இன்ஜின்ல பொதுவா டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்தான் ஒண்ணு. நான் எண்ணினது கியர்பாக்ஸ் பக்கம் இருந்து. அதாவது, மூணாவது சிலிண்டர்ல இருந்த நல்ல காயிலைக் கழற்றியிருக்கேன். பொலேரோ மாதிரி நீளவாக்கு இன்ஜின் என்றால் ரேடியேட்டர் பக்கம் ஒண்ணு. ரெனோவின் பல இன்ஜின்களில் ஃப்ளைவீல் பக்கம்தான் ஒண்ணு. அதனால மேனுவல் பார்க்காமல் எண்ணவே கூடாது.

அண்ணன் புதுசா எதுவும் வாங்கச் சொல்லல. 2-லயும் 3-லயும் இருந்த காயில்களை இடம் மாத்தினார். கோடு நகரல, அப்போ காயில் தப்பு பண்ணல. அடுத்து ஸ்பார்க் பிளக்குகளை மாத்தினார். கோடு பி0303 ஆயிடுச்சு. பிளக்தான்! சில நூறு ரூபாய் வேலை. அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட் என்று போயிருப்பாராம்.

எனக்கு உறுத்தின விஷயம் வேற. மூணாவது வருஷம் லேப்ல நாம மோர்ஸ் டெஸ்ட் செஞ்சோம், ஞாபகம் இருக்கா? ஓடுற இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டரா கட் பண்ணி, லோடைக் குறைச்சு பழைய ஸ்பீடுக்குக் கொண்டுவந்து, பவர் எவ்வளவு குறைஞ்சதுன்னு பார்ப்போம். மெக்கானிக்குகள் காலங்காலமா செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கிறதும் இதே மாதிரிதான். ஒண்ணைக் கட் பண்ணும்போது இன்ஜின் தடுமாறினா அது வேலை செய்யுது. எந்த மாற்றமும் இல்லைன்னா அதுதான் நோயாளி. இந்த சோதனையை நான் செஞ்சிருக்கேன், ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியிருக்கேன். ஆனா மாமா வண்டி முன்னாடி நின்னப்போ அது ஞாபகத்துக்கே வரல. ரீடிங்கை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து சரிபண்ணினவனுக்கு எப்படி வரும்?

ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அந்த 1 எங்கே இருக்குன்னு பேனட்டைத் திறந்து யாரும் நம்மைக் கேட்டதில்ல. நாமும் கேட்கல.

அதனால லேப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோர்ஸ் டெஸ்ட் அன்னைக்கு, நாங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு சிலிண்டரை ரகசியமா முடக்கி வையுங்க. எதுன்னு கண்டுபிடிச்ச பிறகு கணக்கு போடட்டும். கூடுதலா ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஜூனியர்களுக்கு ரெண்டு விஷயம். செக் லைட் விட்டுவிட்டு மின்னினா வண்டியை ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துடும். ஸ்கேனர் எண் காட்டினா, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இடம் மாத்திப் பாருங்க.

நான் கழற்றின நல்ல காயில் இன்னும் மாமா கார் டேஷ்போர்டில்தான் கிடக்கு. போகும்போதெல்லாம் அதைக் காட்டி சிரிக்கிறார்.