கரெக்டாகத்தான் ஃபாலோ பண்ணினேன்!

“நீங்க கரெக்டா ஃபாலோ பண்ணியிருக்க மாட்டீங்க மேடம்.”

இந்த ஒரு வரியைக் கேட்பதற்கு எவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. ஷேக் பவுடர் விற்ற அம்மா சொன்னார். ஜிம்மில் இருந்த பையன் சொன்னான். என்னிடம் பத்தாவது படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் அவனுக்கு. ஏசி அறையில் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அதிர வைத்த இடத்தில் சொன்னார்கள். ஆன்லைனில் டயட் சார்ட் அனுப்பிய பெண் வாய்ஸ் மெசேஜில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். எப்படி எல்லோர் வாயிலும் ஒரே வசனம் வருகிறது?

கரெக்டாகத்தான் ஃபாலோ பண்ணினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் ஷேக் என்றார்கள், குடித்தேன். ராத்திரியும் ஷேக் என்றார்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தோசை சுட்டுப் போட்டுவிட்டு, அந்த வாசனையிலேயே நின்று குடித்தேன். சோறு கூடாது, வாழைப்பழம் கூடாது, ஆறு மணிக்கு மேல் அந்த ஷேக்கும் தண்ணீரும் தவிர எதுவும் கூடாது. நாத்தனார் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து கூட்டையும் பொரியலையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினேன். பாயசத்தைக்கூடத் தொடவில்லையே, மனஸ்தாபமோ என்று சம்பந்தி வீட்டுக்காரர்கள் என் வீட்டுக்காரரிடம் விசாரித்தார்களாம். அவ்வளவு வைராக்கியமாக இருந்தவளைப் பார்த்துத்தான் நாக்கைக் கட்டத் தெரியாதவள் என்கிறார்கள்.

எடை இறங்கினால் அது அவர்கள் புரோகிராமின் பெருமை. இறங்காவிட்டாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, என் குற்றம். மிக்ஸி ஓடவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மாற்றித் தருகிறான். “உனக்குச் சட்னி அரைக்கத் தெரியலை” என்று திருப்பி அனுப்புவதில்லை. இந்த வியாபாரத்தில் மட்டும் சரக்கில் பழுதே கிடையாது. வாங்கினவள்தான் பழுது.

நான் சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் அவர்கள் போர்டில் எழுதியிருந்த கணக்கையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘30 நாளில் 10 கிலோ.’ ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்கச் சுமார் 7,700 கலோரி போக வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,570. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் கணக்கிட்டிருக்கிறது. நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவள், கனமான உடம்புக்காரி என்று எனக்கு இன்னும் ஐந்நூறு சேர்த்துக்கொடுங்கள். அப்போதும், ஒரு மாதம் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாலும், அந்தப் பத்துக் கிலோ கொழுப்பு கரையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் இந்தக் கணக்கை. அதை நகரின் நடுவில், விளக்கு போட்டு, போர்டாக வைத்திருக்கிறார்கள்.

“முதல் வாரமே ரெண்டு கிலோ இறங்கிச்சே!” என்பார்கள். இறங்கும். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் அந்த இருப்பு தீர்ந்து தண்ணீரும் வடிகிறது. நாலு வாய் சோறு சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடுகிறது. அது வடிந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் உங்களைச் சுவரோரம் நிறுத்தி ‘ஆஃப்டர்’ போட்டோ எடுப்பார்கள். என் போட்டோவும் எங்கோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு வந்த போட்டோவை யார் கேட்டார்கள்?

அந்த ஷேக் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடி போர்ஷனில் பத்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு எடை மெஷின், சுவர் முழுக்க ஒல்லியானவர்கள் படம். போன தீபாவளி வரை சேலை வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் இப்போது ‘கோச்’. மெஷின் மேல் ஏறி நிற்கச் சொல்வார். “உங்க உடம்பு வயசு அறுபத்தி ரெண்டு மேடம்!” எனக்கு அப்போது நாற்பத்தி நாலு. காலடியில் லேசாக மின்சாரத்தைச் செலுத்தி ஒரு மதிப்பீடு போடுகிற கருவி அது. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒரு எண் காட்டும், வியர்த்துவிட்டு ஏறினால் வேறொரு எண். அந்த எண்ணைப் பார்த்து எத்தனை பெண்கள் அங்கேயே அழுதிருக்கிறார்கள் தெரியுமா? அழுத கையோடு டப்பாவுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

சில மாதத்தில் எனக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் முடி இப்படி உதிர்வது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். கோச்சிடம் சொன்னேன். அதற்கென்று தனியாக ஒரு டப்பா இருந்தது, வேறு விலையில். அதையும் வாங்கி முடித்த பிறகு ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நீங்களே கோச் ஆயிடுங்களேன், ஸ்கூல்ல அத்தனை டீச்சருங்க இருக்காங்க” என்றார். என் எடையைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்படவில்லை, எனக்குத் தெரிந்தவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஸ்லிம்மிங் சென்டர் இன்னும் பெரிய இடம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள், நர்ஸ் இல்லை. மாதத் தவணை வசதி உண்டு. வாயால் சொன்னது ‘மூணு மாசத்துல எழுபதுக்குக் கீழ’. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ‘பலன் ஆளுக்கு ஆள் மாறும், கட்டிய பணம் திரும்பத் தரப்படாது’. டேப்பை முதல் நாள் தளர்த்திப் பிடித்தார்கள், பிறகு இறுக்கிப் பிடித்தார்கள். அதற்குப் பெயர் ‘இன்ச் லாஸ்’. பெல்ட்டில் வியர்த்துக் கொட்டியது வெறும் தண்ணீர். சிகிச்சை நின்று ரொம்ப நாள் வரைக்கும் தவணை மட்டும் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களில் ஒருவராவது, “தைராய்டு பார்த்தீங்களா? வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? மாதவிலக்கு ஒழுங்கா வருதா?” என்று கேட்டார்களா? ஸ்டீராய்டு, இன்சுலின், மன நோய்க்கான சில மருந்துகள் எல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. என்னிடம் அந்தக் கேள்விகளைக் கேட்ட முதல் ஆள், முழங்கால் வலிக்குப் போன இடத்தில், அரசு ஆஸ்பத்திரியில், வரிசையில் எனக்குப் பின்னால் அறுபது பேர் நிற்கும்போது, ஐந்து நிமிடம் ஒதுக்கிய ஒரு லேடி டாக்டர். தைராய்டு குறைவுதான் என்று தெரிந்தது. அதனால் ஏறுவது சில கிலோதான், மிச்சத்துக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். ஒரு பைசா வாங்காதவர் உண்மை சொன்னார். ஆயிரக்கணக்கில் வாங்கினவர்கள் என் நாக்கைக் குறை சொன்னார்கள்.

அப்புறம் அந்த ஆன்லைன் பெண் அனுப்பிய சார்ட். அவகாடோ, கினோவா, சியா விதை, கிரேக்கத் தயிர். என் வீட்டு ரேஷன் கார்டுக்கு அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் வருகிறது. அதை வைத்து நான் என்ன சமைக்கலாம், எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சார்ட் கேட்டேன். “அது ஒர்க் ஆகாது மேடம்” என்றாள். என் அடுப்பில் ஒரு உலை எனக்கும் இன்னொரு உலை மற்றவர்களுக்கும் கொதிக்க முடியாது என்பது அவளுக்கு விளங்கவில்லை. நாளுக்கு ஒரு பிடி நிலக்கடலை, கொள்ளு ரசம், கீரை, பாதி சோறு என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் இன்றுவரை செய்துகொண்டிருப்பேன். கொள்ளு என்றதும் பழமொழி சொல்ல வருகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், எனக்குத் தெரியும்.

ஜிம்மும் அப்படித்தான். ஒரு வருடப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, லேடீஸ் பேட்ச் காலை ஆறிலிருந்து ஏழு என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இந்த நாட்டில் அத்தனை டிபன் பாக்ஸும் நிரம்புகிறது. நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போனேன். முழங்கால் வலிக்கிறது என்றால், “வலிச்சாதான் மேடம் ரிசல்ட்.” சரி, தெருவில் நடக்கலாம் என்றால் நடைபாதையில் பைக் நிற்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. இருட்டில் போனால் நாய். வெளிச்சத்தில் போனால் டீக்கடை பெஞ்சிலிருந்து வரும் கமென்ட். வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அசைக்கிறோம் சாமி, இடம் காட்டுங்கள்.

இத்தனை வருடம் என் குறை என்றே கேட்டுக் கேட்டு, இந்த ஆராய்ச்சிக்காரர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படித்த பிறகுதான் கோபம் இரட்டிப்பானது. அமெரிக்காவில் எடை குறைக்கும் போட்டியை டிவியில் நடத்தினார்கள், ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்று. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடம்பு, அந்த எடைக்குச் செலவழிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. 2011-இல் மெல்போர்னில் ஓர் ஆய்வு: மிகக் குறைந்த கலோரியில் எடை குறைத்தவர்களுக்குப் பசியை ஆட்டிவைக்கும் ஹார்மோன்கள் ஒரு வருடம் ஆகியும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதாவது, ஷேக் நின்ற பிறகு ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய பசி என் ஒழுக்கக்கேடு இல்லை. பட்டினிக்கு உடம்பு செய்த எதிர்வினை. விற்றவர்களுக்கு இது தெரியுமா? தெரிந்து விற்றார்கள் என்றால் மோசடி. தெரியாமல் விற்றார்கள் என்றால் யார் இவர்களைக் கோச் என்று அழைத்தது?

எந்த டயட் உசத்தி என்று பேலியோக்காரரும் கொழுப்பே கூடாது என்பவரும் அடித்துக்கொள்கிறார்களே, அதையும் ஸ்டான்ஃபோர்டில் பார்த்துவிட்டார்கள். 2018-இல் வெளியான ஆய்வு, 609 பேர், ஒரு வருடம். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நிறைய இறங்கியவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். எடை குறையவே குறையாது என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு ஐந்தாறு கிலோ, அதுவும் நீடித்துச் செய்ய முடிகிற சாப்பாட்டில். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பு, 1,000 கலோரிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்கிறது. இந்தச் செய்தியை எந்த போர்டில் பார்த்திருக்கிறீர்கள்?

2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 30.9 சதவீதம். அடுத்து 2019-21-இல் 40.4. சில வருடத்தில் பத்தில் ஒருத்தி கூடிவிட்டாள். இத்தனை லட்சம் பெண்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் சோம்பேறி ஆகிவிட்டார்களா? நாங்கள் வேலை பார்க்கும் விதம், தூங்கும் நேரம், கடையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் எதுவுமே மாறவில்லையா?

சட்டம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. மருந்து, மாய நிவாரண விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்ற அதன் பட்டியலில் உடற்பருமன் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மருந்துக்கு, உணவுக்கு அல்ல. பவுடரை ‘உணவு’ என்று பதிவு செய்துவிட்டால் போயிற்று. டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைக் காட்டி “கவர்மென்ட் அப்ரூவ்டு மேடம்” என்றார் எங்கள் கோச். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம். எடை குறையும் என்பதற்கு அரசாங்கம் கொடுத்த சான்று அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். எங்கள் ஊரில் அந்த 30 நாள் போர்டு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

பணம் கட்டப் போகிற என் சகோதரிகளே, கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “போன வருஷம் உங்ககிட்ட சேர்ந்தவங்க எத்தனை பேர், ஒரு வருஷம் கழிச்சு அவங்க எடை என்ன? எழுதி, சீல் வெச்சுக் குடுங்க.” குறைந்தவர்கள் போட்டோ வேண்டாம், சேர்ந்த எல்லோருடைய கணக்கும் வேண்டும் என்று சொல்லுங்கள். தர மாட்டார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீதையும் விளம்பரத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலேயே புகார் சொல்லலாம்.